குழந்தையின் கண்ணில் புரை: லென்ஸ் வைப்பதா, காத்திருப்பதா?

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் செலண்டார், அசஹான், பத்தாங் மலாக்கா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கண்புரை அறுவை சிகிச்சை புதிய செய்தி அல்ல. பால்மரக் காட்டில் உழைத்த தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அறுபது வயதுக்கு மேல் கண் மங்கும். மலாக்கா மருத்துவமனையில் தேதி கொடுப்பார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடியும். மறுநாள் கட்டைப் பிரித்ததும் பாட்டி சுவர்க் காலண்டரில் தேதி படிப்பார். "உள்ளே லென்ஸ் வெச்சிட்டாங்க, இனி கவலையில்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

குழந்தைக்குப் புரை என்று தெரியும்போதும் குடும்பம் அந்த அனுபவத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறது. முதல் கேள்வி, "லென்ஸ் வைப்பீங்களா டாக்டர்?" என்பது. கேட்பதில் தவறு இல்லை. கடந்த எழுபது ஆண்டுகளாகக் கண் மருத்துவ உலகமும் இதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்குக் கிடைத்திருக்கும் பதில்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குழந்தையின் பார்வையைத் தீர்மானிப்பது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் மட்டுமல்ல. புரையை எந்த வாரத்தில் கண்டுபிடித்தார்கள் என்பதும், அறுவைக்குப் பின் எத்தனை ஆண்டுகள் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் லென்ஸைவிடப் பெரியவை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த நோக்கில்தான் பொருளை அணுகுகிறேன்.

பெரியவருக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அறுபது வயதுக்காரரின் மூளை ஏற்கெனவே பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நடுவில் வந்த மறைப்பை எடுத்துவிட்டால் பழைய பார்வை திரும்பும். பிறந்த குழந்தைக்குத் திரும்புவதற்குப் பழைய பார்வை என்று எதுவும் இல்லை. விழித்திரையில் தெளிவான உருவம் விழவிழத்தான் மூளையின் பார்வைப் பகுதி தன்னை அமைத்துக்கொள்கிறது. டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்து இதைக் காட்டினார்கள். பிறகு திறந்துவிட்டபோது கண்ணில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணுக்குரிய இடத்தை மூளையில் மற்றக் கண் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே அளவு காலம் மூடினால் அப்படி ஆகவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைப் புரைக்கு இன்று செய்யப்படும் சிகிச்சையின் கால அட்டவணை முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

அட்டவணை கடுமையானது. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருந்தால் பிறந்து ஆறு வாரத்துக்குள் அறுவை முடிவது நல்லது. காரணம், நல்ல கண் போட்டிக்கு நிற்கிறது. இரண்டு கண்ணிலும் இருந்தால் எட்டு வாரம், மிஞ்சினால் பத்து வாரம். அதைத் தாண்டினால் விழிகள் நிலையில்லாமல் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் வந்த பிறகு கிடைக்கும் பார்வைக்கு ஒரு வரம்பு விழுந்துவிடுகிறது. அதற்காகப் பிறந்த முதல் வாரமே கத்தி வைப்பதும் சரியில்லை. நான்கு வாரத்துக்கு முன் செய்தால் பின்னாளில் கண்ணழுத்த நோய் வரும் ஆபத்து கூடுகிறது. ஆக, மருத்துவருக்குக் கிடைப்பது மிகக் குறுகிய ஒரு வாசல். எல்லாப் புரைக்கும் இந்த அவசரம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓரத்தில் சிறு புள்ளியாக இருக்கும் புரையைக் கண்ணாடியோடு கவனித்து வந்தாலே போதும். நடுவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு மேல் அடர்ந்து மறைத்தால்தான் அறுவையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம் வீடுகளில் இந்த ஆறு வாரம் எப்படிப் போகிறது? பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் முப்பது நாள் வீட்டுக்குள், பெரும்பாலும் வெளிச்சம் குறைந்த அறையில் இருப்பார்கள். குழந்தை நாளின் பெரும்பகுதி தூங்கும். முகம் பார்த்துச் சிரிக்கும் வயதும் வந்திருக்காது. அம்மாவுக்குச் சந்தேகம் தட்டினாலும், "கண்ணு தெளிய நாளாகும்மா, பயப்படாதே" என்று மாமியார் சொல்வார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் அவர் சொல்வது உண்மையும் கூட. சில வீடுகளில் தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சுவார்கள், நந்தியாவட்டைப் பூவை வைத்து ஒத்துவார்கள். புரை கண்ணின் உள்ளே இருப்பது. மேலே எதை ஊற்றினாலும் அதைத் தொடாது. மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஒரு கண் புரையால் பார்வை இழக்கும்போது வெளியே தெரியும் முதல் அடையாளமே பல சமயம் அந்த மாறுகண்தான். இந்த ஒரு நம்பிக்கையை நாம் இனியாவது விட்டுவிட வேண்டும்.

அன்றைக்குத் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்த குழந்தையைத் தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸரோ ஆயாவோ எப்படியும் பார்த்துவிடுவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் பட்டணங்களுக்கும் நகர்ந்தன. இப்போது முதலில் பார்ப்பவர் அரசாங்கக் கிளினிக்கின் தாதி. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து பார்ப்பவரும், முதல் மாதத்திலிருந்து தடுப்பூசிக்கும் எடைக்கும் குழந்தையை வரவழைத்துப் பதிவுப் புத்தகத்தில் குறிப்பவரும் அவரே. இதைவிட நல்ல வலை இந்த வட்டாரத்தில் வேறு இல்லை. ஆனால் குழந்தைப் புரை அரிதான நோய். பிரிட்டனில் முறையாக எடுத்த கணக்கில், முதல் பிறந்தநாளுக்குள் கண்டறியப்படுவது 10,000 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குத்தான். சிறு ஊர்க் கிளினிக்கில் பணிபுரியும் தாதி தன் பணிக்காலம் முழுவதும் ஒன்றோ இரண்டோ பார்க்கலாம், பார்க்காமலே ஓய்வு பெறவும் கூடும். அரிதானதைத் தேடும் கை சோர்ந்துபோகும். அதனால்தான் தேடுவதைத் தனிமனிதரின் கூர்மைக்கு விடாமல் எல்லாக் குழந்தைக்கும் கட்டாயச் சோதனையாக வைக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனை எளிது. இருட்டிய அறையில், கையடக்கக் கண்விளக்கின் வழியே ஒரு கை நீளத் தொலைவிலிருந்து குழந்தையின் இரு கண்மணிகளையும் பார்க்க வேண்டும். நல்ல கண்ணில் செம்மஞ்சள் ஒளி திரும்பி வரும். புரை இருந்தால் கறுத்தோ வெளுத்தோ தெரியும். கண்ணுக்குச் சொட்டு மருந்து தேவையில்லை, ஒரு நிமிடமும் ஆகாது. ஸ்வீடனில் பிரசவ வார்டிலேயே இதைச் செய்த பகுதிகளில், பிறகு செய்த பகுதிகளைவிட முன்னதாகவே புரைகள் பிடிபட்டன. பிரிட்டனில் பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஒருமுறையும், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மறுமுறையும் பார்க்கிறார்கள். நம் நாட்டில் பள்ளி சுகாதாரக் குழு முதலாம் ஆண்டு மாணவர்களின் பார்வையைச் சோதிக்கிறது. கிட்டப்பார்வைக்கு அது நல்ல ஏற்பாடு. பிறவிப் புரைக்கு ஏழு வயது என்பது மிகவும் தாமதம். கைப்பேசியில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். வெள்ளையாகத் தெரிவது புரையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. விழித்திரைப் புற்றுநோயும் அப்படித்தான் முகம் காட்டும். அதில் நாள் கடந்தால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைக்கு ஏன் வந்தது என்று கேட்காத வீடு இல்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாளா, எதைச் சாப்பிட்டாள் என்று கேள்விகள் கடைசியில் தாயின் மேல்தான் வந்து விழும். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு காரணத்தை உலகம் 1941இல் கண்டுபிடித்தது. சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் அந்த ஆண்டு பிறவிப் புரையோடு குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். தாய்மார்களிடம் விசாரித்தபோது, கருவுற்ற முதல் மாதங்களில் பெரும்பாலோருக்கு ரூபெல்லா வந்திருந்தது தெரிந்தது. முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில் அந்த நோய் பரவியிருந்தது. சக மருத்துவர்களிடமிருந்தும் சேர்த்து 78 குழந்தைகளின் விவரத்தை அவர் வெளியிட்டார். தாய்க்கு வந்துபோன லேசான ஒரு காய்ச்சல் கருவிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்க முடியும் என்பது அதற்கு முன் யாருக்கும் தெரியாது.

தமிழ் மண்ணில் இந்தக் கதையின் முக்கிய அத்தியாயம் மதுரையில் எழுதப்பட்டது. அரவிந்த் கண் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவைச் சேர்ந்த மருத்துவர் பி. விஜயலட்சுமியும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, தென்னிந்தியாவில் குழந்தைப் புரையின் காரணங்களைத் தேடி 1996இல் ஆய்வு வெளியிட்டார்கள். அடிபட்டு வந்தவற்றை நீக்கிய பின் கணக்கில் இருந்தவர்கள் 366 குழந்தைகள். அவர்களில் ஏறத்தாழ கால்பங்கு பரம்பரை, ஏழில் ஒரு பங்கு ரூபெல்லா. ஒரு வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் ரூபெல்லாவின் பங்கு கால்வாசியைத் தொட்டது. பாதிப் பேருக்குக் காரணமே புலப்படவில்லை. அந்த மருத்துவர் அதோடு நிற்காமல் ரூபெல்லா தடுப்பூசிக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார். இந்தியா 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியபோது முதலில் களமிறங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

மலேசியா இதில் முந்திக்கொண்டது. 1980களின் இறுதியிலேயே பள்ளிச் சிறுமிகளுக்கு ரூபெல்லா ஊசி போடத் தொடங்கினார்கள். நம் அக்காமார்கள் பலருக்கு ஆறாம் ஆண்டில் போட்ட அந்த ஊசி நினைவிருக்கும். 2002 முதல் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஆண் பெண் இரு பாலாருக்கும் குழந்தைப் பருவத்திலேயே போடப்படுகிறது. இன்று ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும். தடுப்பூசி வேண்டாம் என்ற வதந்தி கைப்பேசியில் சுற்றும்போது இந்தக் கணக்கை நாம் நினைக்க வேண்டும். ஊசி தவறிய பெண் கருவுற்றிருக்கும்போது, உடம்பில் தடிப்போடு காய்ச்சலில் கிடக்கும் வீட்டுக்கு "அம்மா இறங்கியிருக்கிறாள்" என்று பார்க்கப் போவது ஆபத்து.

பரம்பரைப் புரை பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து நேராக வருகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் புரை இருந்திருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் முதல் நாளே சோதிக்க வேண்டும். சில வகைகள் இருவரிடமும் மறைந்திருந்து குழந்தையில் வெளிப்படும். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தில் இவ்வகைக்கு வாய்ப்புக் கூடுகிறது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உறவில் மணம் செய்த தம்பதிக்குப் பிறக்கும் குழந்தையின் கண்ணைக் கூடுதல் அக்கறையோடு பார்க்கச் சொல்லவே சொல்கிறேன். பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரையை உடலால் உடைத்துப் பயன்படுத்த முடியாத அரிய பிறவிக் குறைபாட்டிலும் புரை உண்டாகும். அங்கே மட்டும் பாலை உடனே நிறுத்தினால் புரை கலைந்துபோகவும் கூடும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு வருவதில் அடிபட்ட புரை முக்கியமானது. செம்பனை மட்டையின் முள், பென்சில், ஈர்க்குச்சி அம்பு, தீபாவளிப் பட்டாசு எல்லாம் காரணமாகலாம். ஸ்டீராய்டும் உண்டு. கண் அரிப்புக்கு மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மாதக்கணக்கில் ஊற்றுவது புரைக்கும் கண்ணழுத்தத்துக்கும் ஒருசேர வழி திறக்கும். இவை எதிலும் அடங்காமல், காரணமே தெரியாமல் வருவதுதான் அதிகம் என்பதை அந்தத் தாயிடம் யாராவது முதல் நாளே சொல்ல வேண்டும்.

இனி லென்ஸுக்கு வருவோம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பர் 29 அன்று ஹெரால்டு ரிட்லி ஒரு பெண்ணின் கண்ணுக்குள் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். போரில் விமானக் கண்ணாடிச் சில்லுகள் கண்ணில் தைத்த விமானிகளைக் கவனித்தபோது, அந்தப் பிளாஸ்டிக்கைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொள்வது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே சிலர் குழந்தைகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு இருந்த அளவு வெற்றி கிடைக்கவில்லை.

காரணம் குழந்தையின் கண் வளர்கிறது. பிறந்த குழந்தையின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு 23 முதல் 24. இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்துவிடுகிறது. விழி நீள நீளத் தேவையான லென்ஸ் சக்தி குறைந்துகொண்டே வரும். இன்று சரியாக இருக்கும் லென்ஸ் ஐந்தாவது வயதில் கடுமையான கிட்டப்பார்வையைக் கொடுக்கும். ஆகவே, பள்ளிச் சப்பாத்தை ஓர் எண் பெரிதாக வாங்குவதுபோல, மருத்துவர்கள் வேண்டுமென்றே சக்தி குறைந்த லென்ஸை வைக்கிறார்கள். சில வாரக் குழந்தைக்கு 6 முதல் 8 டயாப்டர் வரை குறையாக விட்டுவிட்டு மீதியைக் கண்ணாடியால் ஈடுகட்டுவார்கள். லென்ஸ் வைத்தாகிவிட்டது, இனிக் கண்ணாடி எதற்கு என்று குடும்பங்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். லென்ஸ் வைத்த குழந்தையும் கண்ணாடி போட வேண்டும். ஆண்டுதோறும் அதன் சக்தியை மாற்றவும் வேண்டும்.

இன்னொரு தொல்லை, குழந்தையின் கண் காயத்தை ஆற்றும் வேகம். லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய பையின் அணுக்கள் மீண்டும் பெருகிப் பார்வை வழியை மூடிவிடும். பெரியவர்களுக்கு இதை லேசரால் ஒரு நிமிடத்தில் திறப்பார்கள். சிறு குழந்தை அதற்கு அசையாமல் உட்காராது. எனவே முதல் அறுவையிலேயே பையின் பின்சுவரில் ஒரு வட்டத்தைத் திறந்து, அதன் பின்னாலுள்ள கூழ்ப்பொருளிலும் சிறிது எடுத்துவிடுகிறார்கள். அப்படியும் சிலருக்குத் திரும்ப மூடும்.

லென்ஸ் வைக்காவிட்டால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. தடித்த கண்ணாடி ஒன்று, கான்டாக்ட் லென்ஸ் மற்றொன்று. இரண்டு கண்ணிலும் புரை எடுத்த குழந்தைக்குத் தடித்த கண்ணாடியே நன்றாக உதவும். ஒரு கண்ணில் மட்டும் எடுத்திருந்தால் கண்ணாடி பயன்படாது. அந்தக் கண்ணில் உருவம் கால்பங்கு அளவுக்குப் பெரிதாக விழ, மற்றக் கண்ணின் உருவத்தோடு மூளையால் அதை ஒட்ட முடியாது. கான்டாக்ட் லென்ஸில் இந்த வேறுபாடு மிகக் குறைவு.

அப்படியானால் ஒரு கண்ணில் புரை உள்ள குழந்தைக்கு உள்ளே வைக்கும் லென்ஸ், கான்டாக்ட் லென்ஸ் இரண்டில் எது மேல் என்று தீர்க்க அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2004க்கும் 2009க்கும் இடையில், ஒரு கண்ணில் புரையோடு பிறந்த 114 கைக்குழந்தைகளை, ஒன்று முதல் ஆறு மாத வயதில், சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கண்ணுக்குள் லென்ஸ், மறுபாதிக்குக் கான்டாக்ட் லென்ஸ். ஸ்காட் லாம்பர்ட் தலைமையிலான குழு அந்தக் குழந்தைகளைப் பத்து வயது தாண்டும்வரை கைவிடாமல் பின்தொடர்ந்தது. மருத்துவ ஆய்வுகளில் இப்படிப்பட்ட பொறுமை அரிது. ஐந்து வயதில் இரு குழுவின் சராசரிப் பார்வையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உள்ளே லென்ஸ் வைத்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு மறுபடி கண்ணுக்குள் அறுவை செய்ய வேண்டியிருந்தது. கான்டாக்ட் லென்ஸ் குழுவில் அது 21 விழுக்காடு. பத்து வயதிலும் பார்வை சமமாகவே இருந்தது. மொத்தத்தில் நாலில் ஒருவருக்கு அந்தக் கண்ணில் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை கிடைத்தது. ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கு 6/60 அல்லது அதற்கும் கீழே. அதாவது, பிறர் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்.

இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு உறைத்தது லென்ஸைப் பற்றிய முடிவு அல்ல. ஒரே மருத்துவம், ஒரே கவனிப்பு, இலவசக் கான்டாக்ட் லென்ஸ், தேர்ந்த மருத்துவர்கள் எல்லாம் இருந்தும், சில பிள்ளைகள் நன்றாகப் பார்க்கிறார்கள், பலர் பார்க்கவில்லை. இடையிலுள்ள தூரத்தை லென்ஸின் வகை விளக்கவில்லை.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. லென்ஸ் வைத்ததால் பார்வை கூடவில்லை, மறு அறுவைகள் கூடின, கண்ணழுத்த நோயிலிருந்து காப்பும் கிடைக்கவில்லை. ஆமதாபாத்தில் மருத்துவர் அபய் வசாவடாவின் குழு, இரு கண்ணிலும் புரை இருந்த, இரண்டு வயதுக்குட்பட்ட 60 குழந்தைகளைப் பிரித்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவு சற்று நம்பிக்கையானது. தேர்ந்த கையில் லென்ஸ் வைத்த கண்களும் வைக்காத கண்களும் ஐந்தாண்டில் ஒத்த நிலையில் இருந்தன. கண்ணழுத்த நோயும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஏழு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றிய அமெரிக்கக் கணக்கெடுப்பிலும், கைக்குழந்தைகளுக்கு வந்த அளவு சிக்கல் வரவில்லை. எல்லாவற்றையும் அலசிய அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு லென்ஸைப் பாதுகாப்பாக வைக்கலாம் என்றது. எந்தக் குழந்தைக்கு வைப்பது என்பதை மருத்துவரும் பெற்றோரும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்க முடிவை அப்படியே தூக்கி வந்து செலண்டாரில் இறக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கான்டாக்ட் லென்ஸ் சமமானது என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது தினமும் கண்ணில் இருக்க வேண்டும். கைக்குழந்தை கண்ணைத் தேய்த்துக் கீழே போட்டுவிடும். தேடிக் கிடைக்காவிட்டால் புதிதாக வாங்க வேண்டும். சுத்தமாகக் கழுவாவிட்டால் கருவிழியில் புண் வரும். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் தாய், பகலில் குழந்தையை வைத்திருக்கும் பாட்டி இருவரும் அதைப் போடவும் எடுக்கவும் பழக வேண்டும். முடியும் என்றால் அதுவே நல்லது. முடியாத வீட்டில், இழுப்பறைக்குள் கிடக்கும் கான்டாக்ட் லென்ஸை விடக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எவ்வளவோ மேல். ஆய்வு நடந்த இடத்தின் வசதிகளையும் தன் நோயாளியின் வீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மருத்துவர்தான் சரியான முடிவுக்கு வருவார். வீட்டு நிலையை மறைக்காமல் அவரிடம் சொல்வது குடும்பத்தின் பொறுப்பு.

விலை ஒரு காலத்தில் பெரிய சுவராக இருந்தது. அதை உடைத்ததிலும் மதுரைக்குப் பங்கு உண்டு. கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். அப்போது செயற்கை லென்ஸ் ஏழைக்கு எட்டாதது. இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 அமெரிக்க டாலர் அளவுக்கு விற்றது. 1992இல் அரவிந்த் தானே அரோலேப் என்ற ஆலையை அமைத்து, 10 டாலர் அளவில் லென்ஸ் தரத் தொடங்கியது. பின்னர் விலை இன்னும் இறங்கியது. இன்று பல நாடுகளில் ஏழைகளின் கண்ணுக்குள் இருப்பது மதுரையில் செய்த லென்ஸ். மலேசிய அரசாங்க மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்கு ஐந்து ரிங்கிட்தான். ஆகவே நம் வட்டாரத்தில் தடை லென்ஸின் விலை அல்ல. தடைகள் வேறிடத்தில் இருக்கின்றன.

அறுவைக்குப் பின் வரும் ஆண்டுகளில் அவற்றைப் பார்க்கலாம். ஒரு கண்ணில் புரை எடுத்த குழந்தைக்கு நல்ல கண்ணை ஒட்டுப்பட்டையால் மறைக்க வேண்டும். அப்போதுதான் மூளை மற்றக் கண்ணைப் பயன்படுத்தும். அமெரிக்க ஆய்வில் வகுத்த அளவு இது: ஒரு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்று ஏறி, எட்டு மாதத்துக்குப் பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. இது பள்ளிக்கூட வயது வரைக்கும் நீளும். பார்க்கும் கண்ணை மூடினால் குழந்தை அழும், பட்டையைப் பிய்க்கும். கோவில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போனால், "பாவம் பிள்ளை, இன்னைக்கு ஒரு நாளைக்கு எடுத்து விடேன்" என்று அத்தைமார்கள் சொல்வார்கள். அந்த ஒரு நாள் மறுநாளும் வரும். பட்டை ஒட்டுவது பெற்றவளுக்கு மட்டும் உரிய வேலையாக நம் வீடுகளில் ஆகிவிடுகிறது. அப்பாவும் தாத்தாவும் அத்தையும் பங்கெடுக்கும் வீட்டில்தான் அது நிலைக்கும்.

கண்ணழுத்த நோய் அறுவைக்கு மறுமாதமும் வரலாம், பத்து ஆண்டு கழித்தும் வரலாம். லென்ஸ் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இந்த ஆபத்து உண்டு. வலிக்காது, சிவக்காது, பார்வை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். எனவே கண்ணழுத்தம் பார்ப்பதை வாழ்நாள் முழுவதும் நிறுத்தக் கூடாது. சிறு வயதில் இதற்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் சோதிப்பார்கள். அதற்குக் குழந்தைகளுக்கென்று பயின்ற மயக்க மருத்துவர் வேண்டும். அதனால் இந்தச் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் குவிகிறது. செலண்டாரிலிருந்து மலாக்கா பட்டணம் எட்டும் தூரம்தான். கோலாலம்பூருக்கு அனுப்பினால் போக வர ஒரு நாள் போய்விடும். நாள்சம்பளக்காரருக்கு அது ஒரு நாள் கூலி. சோதனைத் தேதி ஒன்று தவறும், பிறகு இரண்டாவது. ஊர் மாறும்போது கோப்பு பழைய ஊரிலேயே தங்கிவிடும். தமிழ்நாட்டுக்குப் போய் அறுவை செய்து திரும்பும் குடும்பங்களுக்கும் நான் சொல்வது இதுதான். அங்கே போவதில் குறையில்லை. ஆனால் திரும்பி வந்ததும் இங்குள்ள கண் மருத்துவர் ஒருவரிடம் முழு அறிக்கையையும் கொடுத்துப் பதிந்துகொள்ளாவிட்டால், செய்த அறுவையின் பயன் பாதி வழியில் நின்றுவிடும்.

பெண் குழந்தை என்றால் இந்தத் தொடர்ச்சி இன்னும் எளிதில் அறுகிறது. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த பல ஆய்வுகளில், அறுவைக்கு வந்த சிறுமிகள் சிறுவர்களைவிடக் குறைவு. புரை ஆண் பெண் பார்த்து வருவதில்லை. கொண்டுவருவதில்தான் வேறுபாடு. கண்ணாடி போட்டால் நாளைக்குப் பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பேச்சை நம் வீடுகளிலும் கேட்கலாம்.

மாநில அளவில் செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்காதது. ஒவ்வொரு கிளினிக்கிலும் கண்விளக்கு ஒன்று இருக்க வேண்டும். குழந்தைப் பதிவுப் புத்தகத்தில் முதல் மாதச் சோதனையில் அந்தச் செம்மஞ்சள் ஒளிக்குத் தனிக் கட்டம் போட்டு, அது காலியாக இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சந்தேகம் என்றால் மலாக்கா கண் பிரிவுக்கு அந்த வாரமே அனுப்ப வேண்டும், அடுத்த மாதத்துக்கு அல்ல. அறுவை முடிந்த குழந்தைகளின் பட்டியல் ஒன்றை வைத்து, வராதவர்களைத் தாதி தொலைபேசியில் கூப்பிட வேண்டும். தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பட்டை ஒட்டிய குழந்தையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும். வகுப்பில் அதைக் கேலி செய்யவிடாமல் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

எல்லாம் தவறி, ஆறு வயதிலோ பத்து வயதிலோ வரும் பிள்ளையை என்ன செய்வது? நேரம் போய்விட்டது என்று திருப்பி அனுப்பிய காலம் உண்டு. பவன் சின்ஹா என்ற மூளை அறிவியலாளர் 2000களின் நடுவில் டில்லியில் தொடங்கிய பிரகாஷ் திட்டம் அந்த எண்ணத்தை அசைத்தது. வட இந்தியக் கிராமங்களில் பிறவிப் புரையோடு பல ஆண்டுகள் வாழ்ந்த சிறுவர் சிறுமியருக்கு அறுவை செய்து, பிறகு அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று தொடர்ந்து கவனித்தார்கள். கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் பார்த்ததும் அவர்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. சில நாட்களில் அது வந்தது. நுண்ணிய எழுத்தைப் படிக்கும் கூர்மை முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் முகம், பாதை, பொருள், அசைவு எல்லாம் மாதங்கள் செல்லச் செல்லக் கூடின. இரண்டு கண்ணிலும் புரை இருக்கும் பிள்ளை எந்த வயதில் வந்தாலும் அறுவை செய்வது வீண் அல்ல. ஒரு கண் மட்டும் என்றால், தாமதமாகச் செய்வதில் கிடைக்கும் பலன் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மலாயாவில் பார்வையற்ற குழந்தைகளுக்கான முதல் பள்ளி 1926இல் தொடங்கியது இதே மலாக்காவில்தான். அந்த செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்குக்குப் போய், இன்றும் இயங்குகிறது. அன்று அங்கே சேர்ந்த பிள்ளைகளில் புரையால் பார்வை இழந்தவர்களுக்குச் செய்ய முடியாதிருந்த பலவற்றை இன்று செய்ய முடிகிறது. ஆனால் அறுவைக்குப் பின்னும் 6/60 பார்வையோடு நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு முன்வரிசை இருக்கை, பெரிய எழுத்துப் புத்தகம், உருப்பெருக்கிக் கண்ணாடி, தேர்வில் கூடுதல் நேரம், சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டை எல்லாம் உரிமையாகக் கிடைக்க வேண்டும். கண் பிரிவிலிருந்து வெளியே வரும் சீட்டில் அடுத்த சோதனைத் தேதியோடு பள்ளிக்கு ஒரு கடிதமும் இருந்தால், தலைமையாசிரியரிடம் தாய் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியிராது.